இரண்டு முறை கலகம் செய்த தளபதியைப் பேரரசர் ஏன் உயிரோடு விட்டார்?

நீங்கள் கேட்டது இதுதான். பல்கேரியக் கைதிகள் 15,000 பேரின் கண்களைப் பறித்ததாகச் சொல்லப்படும் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் இரண்டாம் பேசில், தன்னை எதிர்த்து இரண்டு தடவை படை திரட்டித் தானே பேரரசர் என்று அறிவித்துக்கொண்ட பர்தாஸ் ஸ்கிளிரோஸ் என்ற தளபதியை மட்டும் ஏன் மன்னித்துப் பட்டம் கொடுத்து விருந்தும் வைத்தார்? அந்தச் சந்திப்பில் கிழத் தளபதி பேரரசருக்கு ஆட்சி நடத்தும் வழியைச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு காணொளியில் பார்த்தீர்கள். அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இப்படிக் கலகம் செய்தவரை அந்தக் காலத்து மக்கள் துரோகியாகப் பார்த்தார்களா, இல்லையா என்பதுதான் அது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை எளிதாகிவிடும்.

முதலில் என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது மன்னிப்பு இல்லை, உடன்படிக்கை. 989இல் ஸ்கிளிரோஸ் போரில் தோற்றுப் பிடிபட்டவர் அல்லர். கையில் படை இருக்கும்போதே பேச்சுவார்த்தைக்கு வந்தவர். பேரரசருக்கு அந்தப் படை வேண்டியிருந்தது, தளபதிக்கு வயதாகியிருந்தது. இருவருக்கும் லாபமான ஒரு முடிவை எட்டினார்கள். யோசனை சொன்ன கதை வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கல்லூரியில் இடைக்கால உலக வரலாறு பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிரேக்கமோ அரபியோ மூலத்தில் படிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்ததுதான் என் அறிவு. ஸ்கிளிரோசைப் பொறுத்தவரை அப்படி ஒப்பிடுவது மிகவும் அவசியம். ஏனென்றால் அவர் கதையைக் கிரேக்கத்தில் எழுதிய ஸ்கிலிட்செசும் மிகாயேல் செல்லோசும் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள், நடந்து பல பத்தாண்டு கழித்து எழுதியவர்கள். கிரேக்க வரலாற்றாசிரியர்களில் லியோ டீக்கன் ஒருவர்தான் சமகாலத்தவர், ஆனால் இந்தக் கலகங்களைப் பற்றி அவர் சுருக்கமாகவே சொல்கிறார். அரபியில் எழுதிய அந்தியோக்கியாவின் யஹ்யாவும், ஆர்மீனியரான தாரோன் ஸ்டெபானோசும் தேதிகளிலும் எல்லைப்புற விவரங்களிலும் கூடுதலாக நம்பத் தகுந்தவர்கள். இந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இடங்களை உறுதியாகச் சொல்கிறேன். ஒத்துப்போகாத இடங்களை அப்படியே காட்டுகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. அந்தக் காணொளியில் இரண்டு பேரைப் போட்டுக் கலந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பர்தாஸ் ஸ்கிளிரோஸ் ஒருவர், பர்தாஸ் ஃபோகாஸ் இன்னொருவர். இருவரும் தளபதிகள், இருவரும் பேரரசர் பட்டத்துக்கு ஆசைப்பட்டவர்கள், ஒருவரை ஒருவர் இருபது வருடம் விரட்டியவர்கள். போதாக்குறைக்கு உறவினர்களும்கூட. ஸ்கிளிரோசின் தம்பி கான்ஸ்டன்டைன் கட்டியிருந்தது ஃபோகாசின் சகோதரியை.

சரி, அடிப்படைக்கு வருவோம். பைசாந்தியத்தில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்பது வழக்கமாக இருந்தது, மாற்ற முடியாத சட்டமாக இருக்கவில்லை. படையும் தலைநகர மக்களும் செனட்டும் ஒருவரை வாழ்த்தி ஏற்றுக்கொண்டால், திருச்சபை முடிசூட்டினால், அவர் பேரரசர். வென்றவன் பக்கம் கடவுள் இருந்தார் என்றுதான் அர்த்தம், தோற்றவன்தான் கலகக்காரன். பேசிலின் சிறுவயதிலேயே இது இரண்டு தடவை நடந்தது. 963இல் அவருடைய தந்தை இரண்டாம் ரோமனோஸ் இறந்தபோது பேசிலுக்கு ஐந்து வயது. கிழக்குப் படைத்தளபதி நிகிபோரோஸ் ஃபோகாசைப் படை பேரரசராக அறிவித்தது. அவர் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்து, சிறுவர்களின் தாயை மணந்துகொண்டு, சிறுவர்களையும் பெயரளவுக்குப் பேரரசர்களாக வைத்துக்கொண்டு ஆண்டார். 969 டிசம்பரில் அவருடைய சகோதரி மகனே, யோவான் சிமிஸ்கெஸ், அவரை அரண்மனையில் கொன்றுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருமே திறமையான ஆட்சியாளர்கள். தளபதி ஒருவர் முன்னால் நிற்க, அரச ரத்தப் பிள்ளைகள் பின்னால் நிற்பதுதான் இயல்பு என்று அந்தத் தலைமுறைக்கே பட்டிருக்கும். ஸ்கிளிரோஸ் இந்தப் பள்ளியில் படித்தவர்.

சிமிஸ்கெசின் முதல் மனைவி மரியா ஸ்கிளிரோசின் சகோதரி. அவர் முன்பே இறந்துவிட்டாலும் அந்த உறவு நீடித்தது. 970இல் ரஷ்யர்களும் அவர்களோடு சேர்ந்த பெச்சனெகுகள் என்ற புல்வெளி நாடோடிகளும் பல்கேரியர்களும் தலைநகருக்கு மேற்கே உள்ள திரேஸுக்குள் இறங்கி வந்தபோது அர்க்காடியோபொலிஸ் என்ற இடத்தில் அவர்களை நிறுத்தியது ஸ்கிளிரோஸ்தான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை, பின்வாங்குவதுபோல் இழுத்து, பதுங்கியிருந்த வீரர்களை இரு பக்கமும் ஏவி முறியடித்தார். எதிரிப் படையின் எண்ணிக்கையாகக் கிரேக்க ஆசிரியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், வெற்றியை நம்பலாம். அதே வருடம் பர்தாஸ் ஃபோகாஸ், கொல்லப்பட்ட தன் பெரியப்பா நிகிபோரோசின் அரியணைக்கு உரிமை கோரி, இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில் எழுந்தார். அவரை அடக்கவும் ஸ்கிளிரோஸே அனுப்பப்பட்டார். பெரிய சண்டை இல்லாமலே, ஃபோகாசின் ஆட்களைப் பதவியும் பணமும் காட்டி ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்து முடித்தார். ஃபோகாஸ் தலை மழிக்கப்பட்டுத் துறவியாகக் கீயோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

976 ஜனவரியில் சிமிஸ்கெஸ் இறந்தார். பேசிலுக்குப் பதினெட்டு வயது. இனி பாதுகாவலர் தேவையில்லை என்று சட்டப்படி சொல்லலாம். ஆனால் நிர்வாகம் முழுவதும் பழைய பேரரசர் ஒருவரின் முறைதவறிப் பிறந்த மகனும், சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டவருமான அரண்மனைத் தலைமை அதிகாரி பேசில் லேகபெனோஸ் கையில் இருந்தது. குழப்பம் வரக்கூடாது என்பதால் இவரை லேகபெனோஸ் என்றே குறிப்பிடுகிறேன். ஸ்கிளிரோஸ் அப்போது கிழக்குப் படை முழுவதற்கும் தளபதி. இதற்கு முன் இரண்டு பேர் எப்படி அரியணை ஏறினார்கள் என்பது லேகபெனோசுக்கு நன்றாகத் தெரியும்; அவரும் அந்தக் காரியங்களில் பங்கெடுத்தவர்தான். அதனால் ஸ்கிளிரோசைப் பெரிய பதவியிலிருந்து எடுத்து, மெசொப்பொத்தேமியா எல்லை மாநிலத்துக்குத் தளபதியாக மாற்றினார். இடமாற்றம் என்ற பெயரில் பதவி இறக்கம். கலகத்துக்கு உடனடிக் காரணம் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முன்பே அவர் திட்டம் போட்டிருந்தாரா என்பதை இனிக் கண்டுபிடிக்க வழி இல்லை. மகன் ரோமனோஸ் தலைநகரில் இருந்தார்; ரகசியமாக ஆள் அனுப்பி மகனை வெளியே கொண்டுவந்த பிறகுதான் ஸ்கிளிரோஸ் வெளிப்படையாக எழுந்தார். ஒரு நாள் கோபத்தில் நடந்த காரியம் அல்ல என்பதற்கு அது போதும்.

976 கோடையில் அவர் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். கர்புத் கோட்டையைத் தளமாக்கினார். மெலிட்டீனே நகரத்து வரிப்பணத்தைக் கைப்பற்றினார். இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது, ஏனென்றால் அவருடைய பலம் எங்கிருந்து வந்தது என்பது இங்கேதான் தெரிகிறது. அந்த எல்லைப்பகுதி சில பத்தாண்டுகளுக்கு முன்வரை அரபு அமீர்களின் கையில் இருந்தது. ஆர்மீனியர்களும் சிரியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த ஊர்கள். தலைநகருக்கு அது வரி வரும் தூரத்து இடம். ஸ்கிளிரோசுக்கு அது தெரிந்த முகங்கள் உள்ள இடம். ஆர்மீனிய வீரர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். மோசுலை ஆண்ட ஹம்தானிய அமீர் அபு தக்லிப் உடன்படிக்கை செய்துகொண்டு அரபுக் குதிரைப்படை அனுப்பினார். 969இல் அந்தியோக்கியாவைப் பிடித்த மிகாயேல் பூர்ட்செஸ் போன்ற பெரிய தளபதியே அரச தரப்பை விட்டு அவர் பக்கம் வந்தார். பிற்பாடு இந்த அரபு உறவைக் காட்டித்தான் அவரைத் துரோகி என்று எழுதினார்கள். ஆனால் அந்த எல்லையில் எல்லாத் தரப்பும் எல்லாத் தரப்போடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவரை எதிர்க்கத் தலைநகரம் நாடியதும் வெளிநாட்டு உதவியைத்தான்.

977இல் அரச படையை ரகேயாய் என்ற இடத்தில் உடைத்தார். எதிர்த்தரப்பின் மூத்த தளபதி பேதுரு அங்கே விழுந்தார். அப்புறம் மேற்கு நோக்கி வந்து நிசேயாவை முற்றுகையிட்டார். தலைநகருக்கும் அதற்கும் சில நாள் பயணம்தான். நகரத்தைக் காத்தவர் மானுவேல் எரோட்டிகோஸ் கொம்னேனோஸ். பின்னாளில் பேரரசையே ஆண்ட கொம்னேனோஸ் வம்சம் வரலாற்றில் தலைகாட்டுவது இவரோடுதான். உணவு தீர்ந்துபோன நிலையில் அவர் களஞ்சியங்களில் மணலைக் குவித்து, மேலே மட்டும் தானியத்தைப் பரப்பி, ஸ்கிளிரோசின் ஆள் ஒருவனை அழைத்துக் காட்டி அனுப்பினாராம். இன்னும் பல வருடத்துக்குச் சாப்பாடு இருக்கிறது என்று நம்பிய ஸ்கிளிரோஸ், நகரத்தை விட்டுக்கொடுத்தால் படையும் மக்களும் பத்திரமாக வெளியேறலாம் என்று ஒத்துக்கொண்டார். மணல் கதை முற்றுகைக் கதைகளில் அடிக்கடி வருவதுதான், அதனால் அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சரணடைந்தவர்களை அவர் ஒன்றும் செய்யாமல் விட்டார் என்பது அவருடைய மற்ற நடத்தையோடு பொருந்துகிறது. கடலில் அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய கப்பல்படையை அரச கப்பல்படை ஈஜியன் கடலில் தோற்கடித்தது. பெரிய மதிலும் கடலும் சூழ்ந்த கான்ஸ்டாண்டிநோபிளைக் கப்பல் இல்லாமல் யாரும் பிடிக்க முடியாது. என் கணிப்பில் முதல் கலகம் தோற்கத் தொடங்கியது அந்தக் கடல் சண்டையில்தான்.

லேகபெனோஸ் அப்போது முள்ளை முள்ளால் எடுக்க முடிவு செய்தார். எட்டு வருடத்துக்கு முன் ஸ்கிளிரோசிடம் தோற்றுத் துறவியாக்கப்பட்டிருந்த பர்தாஸ் ஃபோகாசைக் கீயோசிலிருந்து வரவழைத்து, துறவியாடையைக் கழற்றி, படையைக் கொடுத்து அனுப்பினார். ஃபோகாஸ் முதலில் தோற்றார். பிறகு ஜார்ஜிய இளவரசர் தாவோவின் தாவீதிடமிருந்து 12,000 குதிரைவீரர்கள் வந்தார்கள். அந்தப் படையை நடத்தி வந்த தோர்னிகே, அதோஸ் மலையில் துறவியாக இருந்து, இதற்காகவே மறுபடி வாளெடுத்தவர். அந்தப் போரில் கிடைத்த செல்வத்தால் எழுந்ததுதான் அதோஸ் மலையின் ஐவிரோன் மடம். இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

979 மார்ச் 24இல் நடந்த கடைசிச் சண்டையில் இரண்டு பர்தாசும் நேருக்கு நேர் மோதினார்கள் என்று கிரேக்க வரலாறுகள் சொல்கின்றன. ஃபோகாஸ் தண்டாயுதத்தால் தலையில் அடித்தார். ஸ்கிளிரோஸ் காயத்தைக் கழுவ ஒதுங்கியபோது ரத்தம் தோய்ந்த அவர் குதிரை தனியாகப் படைக்குள் ஓடியது. தலைவர் செத்துவிட்டார் என்று நினைத்துப் படை சிதறியது. தேதியிலும் முடிவிலும் பிரச்சினை இல்லை. சண்டை நடந்த இடத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை, ஏனென்றால் மூலங்கள் முந்திய சண்டைகளை இதோடு கலந்துவிடுகின்றன. நேர்மோதலைப் பொறுத்தவரை, தலைவர்கள் முன்வரிசையில் நின்று சண்டை போட்ட காலம் என்பதால் நடந்திருக்கலாம். அதே சமயம் இரண்டு பெரிய குடும்பங்களும் தங்கள் வீரரைப் புகழ்ந்து பாடவைத்த காலமும் அதுதான் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

அதன் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, காணொளிகளில் இரண்டு வரியில் முடித்துவிடும் பகுதியும்கூட. ஸ்கிளிரோஸ் எல்லையைத் தாண்டி ஓடினார். ஆனால் அவருடைய நண்பர் அபு தக்லிபின் ஆட்சி அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஈராக்கை ஆண்ட புவைஹித் மன்னர் அளுத் அத்தவ்லா மோசுலைப் பிடித்துவிட்டார். உதவி கேட்டுப் போன ஸ்கிளிரோசும் தம்பியும் மகனும் ஆட்களும் பாக்தாத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முதலில் விருந்தாளி, பிறகு கைதி. ஏழு வருடம் போனது. அவரை வைத்து இரண்டு அரசுகளும் பேரம் பேசின. அவரைக் கொடுங்கள், பதிலுக்கு எல்லைக் கோட்டைகளையும் கப்பத்தையும் பேசித் தீர்க்கலாம் என்பது பேரத்தின் சாரம். பாக்தாத்திலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூது போன இப்னு ஷஹ்ராம் என்பவர் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். அதில் அரண்மனையே பிளவுபட்டுத் தெரிகிறது. இளம் பேரரசர் ஸ்கிளிரோசை எப்படியாவது திரும்பப் பெற நினைக்கிறார். ஃபோகாசோ, தளபதிகள் ரத்தம் சிந்திப் பிடித்த இடங்களை ஒரு கைதிக்காக விட்டுக்கொடுப்பதை எதிர்க்கிறார். பேசில் தரப்பில் தூது போன நிகிபோரோஸ் ஊரானோசையும் பாக்தாத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் 997இல் ஸ்பெர்கியோஸ் ஆற்றங்கரையில் பல்கேரியர்களை முறியடித்தவர் இதே ஊரானோஸ்தான்.

விடுதலை எப்படிக் கிடைத்தது என்பதில் கிரேக்கர் சொல்வதும் அரபியர் சொல்வதும் முற்றிலும் வேறு. ஸ்கிலிட்செசின் கதையில், பாக்தாத் மன்னர் தன் எதிரிகளைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் ரோமானியக் கைதிகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார்; ஸ்கிளிரோசின் ஆட்கள் ஆயுதம் பெற்று, அந்த எதிரிகளைத் துவம்சம் செய்து, அப்படியே குதிரையைத் திருப்பித் தாய்நாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். அரபு மூலங்களில் இப்படி ஒரு சாகசமே இல்லை. அளுத் அத்தவ்லா 983இல் இறந்துவிட்டார். அவர் மகன் சம்சாம் அத்தவ்லா 986 கடைசியில் ஸ்கிளிரோசோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்: பேரரசரானால் முஸ்லிம் கைதிகளை விடுவிக்க வேண்டும், ஏழு கோட்டைகளைத் தர வேண்டும், முஸ்லிம் நாடுகளின்மேல் படையெடுக்கக் கூடாது. நான் ஒப்பந்தத்தைத்தான் நம்புகிறேன். சாகசக் கதை ஸ்கிளிரோசுக்கு வேண்டியவர்கள் பரப்பிய வீரக்கதையாக இருக்க வேண்டும். ஸ்கிலிட்செசின் நூலில் இவருக்குச் சாதகமான பகுதிகள் நிறைய இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள். விடுவித்த நேரத்தையும் பாருங்கள். 986 ஆகஸ்ட் 17இல் டிராஜன் கணவாயில் பேசிலின் படையைப் பல்கேரியர்கள் நாசமாக்கியிருந்தார்கள். பலவீனமான பக்கத்து நாட்டில் ஒரு உள்நாட்டுப் போரை மூட்டிவிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

987 தொடக்கத்தில் ஸ்கிளிரோஸ் மெலிட்டீனேவுக்குத் திரும்பினார். மறுபடி பேரரசர் பட்டம். அவரை அடக்கப் பேசில் மறுபடி ஃபோகாசை அனுப்பினார். இந்தத் தடவை ஃபோகாசும் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். இரண்டு கலகக்காரர்களும் பேசிக்கொண்டார்கள்: தலைநகரம் ஃபோகாசுக்கு, அந்தியோக்கியாவும் சிரியாவும் மெசொப்பொத்தேமியாவும் ஸ்கிளிரோசுக்கு. நம்பிப் போன ஸ்கிளிரோசை ஃபோகாஸ் பிடித்து ஒரு கோட்டையில் அடைத்துவிட்டார். உறவாடிக் கெடுப்பது என்பது இதுதான். மகன் ரோமனோஸ் மட்டும் சந்திப்புக்கு முன்பே பேசில் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். யார் ஜெயித்தாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்று அப்பாவே அனுப்பினார் என்கிறார் ஸ்கிலிட்செஸ். மகன் நிஜமாகவே கட்சி மாறினாரா என்று முடிவு செய்ய நம்மிடம் ஆதாரம் போதாது.

மற்றதை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பேசில் கீவ் அரசர் விளாதிமிரிடம் உதவி கேட்டார். தங்கை அன்னாவை மணமுடித்துக் கொடுத்தார். விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றார். ஆறாயிரம் ரஷ்ய வீரர்கள் வந்தார்கள். ரஷ்ய நாட்டின் கிறிஸ்தவமும் பேரரசர்களின் புகழ்பெற்ற வராங்கியர் காவல்படையும் இந்த உள்நாட்டுப் போரின் பக்க விளைவுகள். 989 ஏப்ரல் 13இல் அபிடோஸ் போர்க்களத்தில் ஃபோகாஸ் பேரரசரை நோக்கிப் பாய்ந்தார், நடுவழியில் குதிரையிலிருந்து சாய்ந்து இறந்தார். பேசிலின் தம்பி தன் ஈட்டிதான் கொன்றது என்று பெருமையடித்துக்கொண்டார். பணம் வாங்கிய பணியாள் விஷம் வைத்தான் என்றும் பேச்சு இருந்தது. திடீர் நோயாகவும் இருக்கலாம். மூன்றையும் அந்தக் காலத்து ஆட்களே சொல்லியிருப்பதால் நாம் தீர்ப்பு எழுத முடியாது.

ஃபோகாசின் மனைவி ஸ்கிளிரோசைச் சிறையிலிருந்து விட்டுவிட்டார். கணவரின் மிச்சப் படையும் அவரிடம் திரண்டது. இங்கேதான் உங்கள் கேள்விக்கான விடை. செல்லோஸ் சொல்வதைப் பாருங்கள்: இந்தக் கடைசிக் கட்டத்தில் ஸ்கிளிரோஸ் பெரிய போருக்கே போகவில்லை. சாலைகளை மறித்தார், தலைநகருக்குப் போகும் சரக்கைத் தடுத்தார், அரசாணைகள் போய்ச் சேராமல் செய்தார். அவருடைய ஆட்களில் ஒருவர்கூட அவரை விட்டு ஓடவில்லை; ஒரே பந்தியில் சாப்பிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர்களைக் கட்டிவைத்திருந்தார் என்கிறார் செல்லோஸ். அந்தப் புகழ்ச்சியில் கொஞ்சம் மிகை இருந்தாலும், இரண்டு தோல்விக்கும் இரண்டு சிறைக்கும் பிறகு ஒருவர் பின்னால் படை நின்றது மறுக்க முடியாத உண்மை. பதிமூன்று வருடமாக இழுத்த சண்டையில் பேரரசரின் கஜானாவும் கிழக்குப் படையும் தேய்ந்திருந்தன. வடக்கே பல்கேரிய ஆட்சியாளர் சாமுவேல் வளர்ந்துகொண்டிருந்தார். அந்த அனுபவசாலி வீரர்களைக் கொன்று தீர்ப்பதைவிட, தன் படையாக்கிக்கொள்வது பேசிலுக்கு நல்லது. எனவே நிபந்தனை பேசினார்கள். 989 இலையுதிர் காலத்தில் ஸ்கிளிரோஸ் பேரரசர் பட்டத்தை விட்டார். அரச குடும்பத்துக்கு அடுத்த மதிப்புள்ள குரோபலாத்தேஸ் பட்டம் பெற்றார். அவரோடு நின்றவர்கள் அவர் கொடுத்த பதவிகளையும் நிலங்களையும் வைத்துக்கொண்டார்கள்.

கண்ணைப் பறிப்பது பைசாந்தியத்தில் சாதாரணமாகக் கொடுத்த அரசியல் தண்டனைதான். பர்தாஸ் ஃபோகாசின் தந்தை லியோவுக்கு 971இல் அதுவே நேர்ந்தது. ஆனால் அது பிடிபட்டவர்களுக்கு. வாக்குறுதி வாங்கிக்கொண்டு தானாக வந்தவரைக் குருடாக்கினால், அடுத்த கலகக்காரன் ஒருபோதும் பேச்சுவார்த்தைக்கு வர மாட்டான். 1014இல் கிளெய்தியோன் போருக்குப் பிறகு பல்கேரியக் கைதிகளுக்கு நடந்தது அந்நிய நாட்டோடு நடந்த போரில். அந்த 15,000 என்ற எண்ணும் சந்தேகத்துக்குரியது. ஏராளமானோர் குருடாக்கப்பட்டார்கள் என்பதைத் தாண்டி எண்ணை நான் நம்புவதில்லை. அதனால் இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சந்திப்பைப் பற்றிச் செல்லோஸ் வரைந்திருக்கும் சித்திரம் அழகானது. ஸ்கிளிரோஸ் எல்லா அரச சின்னங்களையும் களைந்துவிட்டார், பேரரசர் மட்டுமே அணியக்கூடிய செந்நீலக் காலணியை மட்டும் மறந்தோ வேண்டுமென்றோ கழற்றவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்திருந்த பேசில் தூரத்திலேயே அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், அதைக் கழற்றும்வரை திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க வந்த கிழவரைப் பார்த்து, நான் பயந்து நடுங்கிய மனிதர் இவர்தானா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். வழியிலேயே அவருக்குப் பார்வை போய்விட்டது என்கிறார் ஸ்கிலிட்செஸ். செல்லோஸ் முதுமையைத்தான் அழுத்திச் சொல்கிறார். பிறகு விருந்து. ஸ்கிளிரோசுக்கு நீட்டிய கோப்பையைப் பேசில் வாங்கித் தான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார், விஷம் இல்லை என்று காட்ட. சந்திப்பும் பட்டமும் உறுதி. காலணியும் கோப்பையும் நடந்திருக்கக்கூடியவை, அந்த அரண்மனைச் சடங்குகளோடு அச்சாகப் பொருந்துகின்றன. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

இனி அந்த யோசனை. மிதமிஞ்சி உயரும் அதிகாரிகளை வெட்டிவிடு. எந்தத் தளபதி கையிலும் நிறையச் செல்வம் சேரவிடாதே. வரிபோட்டு அவர்களைச் சொந்த வீட்டுக் கவலையிலேயே மூழ்கவை. அரண்மனைக்குள் பெண்ணை அனுமதிக்காதே. எளிதில் அணுக முடியாதவனாக இரு. உன் மனத்திலிருக்கும் திட்டத்தை மிகச் சிலருக்கே சொல். இதைச் செல்லோஸ் ஒருவர்தான் சொல்கிறார், சுமார் எழுபது வருடம் கழித்து. பட்டியலைக் கவனித்தால் அது அப்படியே பேசிலின் பிற்கால ஆட்சி. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, படையைத் தானே நடத்தினார், யாரையும் நெருங்கவிடவில்லை. 996இல் பெரிய நிலக்காரர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டு, ஃபோகாஸ், மலேய்னோஸ் குடும்பங்களைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டினார். பிற்பாடு நடந்ததைப் பார்த்து, அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்று செல்லோஸ் அதை ஸ்கிளிரோஸ் வாயில் வைத்திருக்கிறார் என்பதே என் கருத்து. அல்லது அவர் காலத்தில் அப்படி ஒரு கதை உலவியிருக்கலாம். பேசிலுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு மாலை விருந்து அல்ல, ஸ்கிளிரோசின் பதிமூன்று வருடங்கள்.

துரோகியாகப் பார்த்தார்களா என்பதற்கு, பிறகு நடந்ததே சாட்சி. 991 மார்ச்சில் ஸ்கிளிரோஸ் இறந்தார். தம்பி கான்ஸ்டன்டைனும் சில நாளில் போய்ச் சேர்ந்தார். குடும்பம் ஒதுக்கப்படவில்லை. பேரன் ஒருவர் பின்னாளில் பேரரசரான மூன்றாம் ரோமனோசின் சகோதரியை மணந்தார். பேசிலுக்குப் பின் வந்த அவர் தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைன் அந்தப் பேரனின் கண்களைப் பறித்தார் என்பதும் உண்மை, ஆனால் அதற்குக் காரணம் ஒரு தனிச்சண்டையில் தொடங்கிய தகராறு, பாட்டனாரின் கலகம் அல்ல. 1040களில் அதே குடும்பத்தின் மரியா, ஒன்பதாம் கான்ஸ்டன்டைனின் காதலியாக அரண்மனையிலேயே மரியாதையோடு வாழ்ந்தார். அவருடைய சகோதரர் ரோமனோஸ் ஸ்கிளிரோஸ், சிசிலியில் பெயர் வாங்கிய தளபதி ஜார்ஜ் மனியாகிசின் நிலங்களைச் சூறையாடி, அவரைப் பதவியிலிருந்தும் இறக்கவைத்தார். அதனால்தான் மனியாகிஸ் 1042இல் கலகத்தில் இறங்கினார். நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டியவர் அவர்தான். அவரைப் பற்றிக் கேட்டால் தனியாக எழுதுகிறேன்.